பத்தாவது நிமிஷத்தில்

மேஜைமேல் வைத்த ஒரு கோப்பைக் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. வைத்தபோது அதன் வெப்பநிலை 69 பாகை செல்சியஸ். பத்து நிமிஷம் சென்றபின் 60 பாகை. வெப்பநிலையைக் காலத்தின் சார்பாக எழுதி, பத்து நிமிஷம் முடியும் இடத்தில் அதன் வகைக்கெழுவைக் கணித்தால் மைனஸ் 0.8 என்று விடை வருவதாக வைத்துக்கொள்வோம். இவ்வளவையும் ஒரு பிழையுமின்றிச் செய்து முடித்த மாணவனை அழைத்து, “இந்த மைனஸ் 0.8 எதைச் சொல்லுகிறது? ஒரே வாக்கியத்தில் எழுது” என்று கேட்டால், அதுவரை தடையின்றி ஓடிய அவன் பேனா சற்றே தயங்குவதைக் காணலாம். ‘பத்து நிமிஷத்தில் காப்பி 0.8 பாகை ஆறியது’ என்று ஒருவன் எழுதுவான். அது தவறு என்பதற்கு வேறு சாட்சி வேண்டா, ஆறியது ஒன்பது பாகை என்று கணக்கே சொல்லுகிறது. ‘பத்தாவது நிமிஷத்தில் காப்பி 0.8 பாகை ஆறியது’ என்று இன்னொருவன் எழுதுவான்; இது முன்னதைவிடச் சூட்சுமமான தவறு. நம் மொழியின் ஏழாம் வேற்றுமை உருபு, ஒரு கால அளவின் உள்ளே நிகழ்வதையும் ஒரு கணத்தின் முனையில் நிகழ்வதையும் வேறுபாடு காட்டாமல் சுட்டிவிடும் இயல்புடையது. ஆதலால் ‘பத்தாவது நிமிஷத்தில்’ என்றால் ஒன்பது முடிந்தது முதல் பத்து முடியும் வரையுள்ள அறுபது விநாடிகளையும் கொள்ளலாம், பத்து முடிந்த அந்த ஒரு கணத்தையும் கொள்ளலாம். வகைக்கெழு பேசுவதோ கணத்தைப் பற்றி. ‘காப்பியை வைத்துப் பத்து நிமிஷம் ஆன அக்கணத்தில், அதன் வெப்பநிலை நிமிஷத்துக்கு 0.8 பாகை செல்சியஸ் என்னும் வேகத்தில் குறைந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதியவனே விடையை எழுதியவன். எப்போது, எது, எந்தத் திசையில், எந்த அலகில் என்னும் நான்கும் அவன் வாக்கியத்தில் இருக்கின்றன.

உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டு மாணவனுக்கு நுண்கணிதம் கற்பிப்பதன் லட்சியம் யாது என்று கேட்பவர்களுக்கு, சூத்திரங்களின் பட்டியல் ஒன்றை எடுத்து நீட்டுவது எங்கும் உள்ள வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு பாடத்திட்டத்தைக் கூர்ந்து நோக்கினால், அதன் லட்சியம் மெல்ல மெல்லச் சூத்திரத்திலிருந்து மேற்சொன்ன வாக்கியத்தை நோக்கி நகர்ந்து வந்திருப்பது புலனாகும். அந்த நகர்ச்சி எவ்வளவு தூரம் உண்மையானது, எவ்வளவு தூரம் காகிதத்தில் மட்டும் நிகழ்ந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்று பெயர் பெற்ற அத்திட்டத்தின் கருத்து எளியது: கல்லூரியின் முதலாண்டில் கற்க வேண்டியதைப் பள்ளியிலேயே கற்று, பொதுத் தேர்வு ஒன்றில் தன் தகுதியைக் காட்டிய மாணவன், கல்லூரியில் அதே பாடத்தை மறுபடியும் கேட்டுக் காலத்தைப் போக்காமல் அடுத்த படியில் ஏறி அமரலாம். ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியைக் கொண்டு 1950களின் தொடக்கத்தில் சோதனையாக ஆரம்பித்த இம்முயற்சியை 1955இல் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு ஏற்றுக்கொண்டது. 1956இல் நடந்த தேர்வை எல்லாப் பாடங்களிலும் சேர்த்து எழுதியவர்கள் சுமார் 1,200 மாணவர்களே. மறுவருஷம் அக்டோபரில் ரஷ்யர்களின் ஸ்புட்னிக் வானில் ஏறியபின், விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் அந்நாட்டாருக்கு உண்டான பதற்றம் இத்தகைய திட்டங்களுக்கெல்லாம் உரமாயிற்று. 1969இல் நுண்கணிதப் பாடம் ஏபி, பிசி என்று இரண்டாகப் பிரிந்தது. எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றை நிதானமாகக் கற்பது முன்னது. அவற்றோடு முடிவிலாத் தொடர்கள், துணையலகுச் சார்புகள் முதலியவற்றையும் சேர்த்துக் கல்லூரியின் இரண்டு பருவங்களுக்கு ஈடாக நிற்பது பின்னது. 2019இல் ஏபி தேர்வை மட்டும் எழுதியவர்கள் சுமார் 3 லட்சம் பேர். பிசி எழுதியவர்கள் 1,40,000க்குச் சற்றுக் குறைவு. தேர்ந்தெடுத்த சிலருக்கென்று போட்ட பாதை ராஜபாட்டையாகிவிட்டது.

இப்பாடத்தின் விவரக் குறிப்பில், தலைப்புகளின் பட்டியலுக்கு முன்னால், மாணவன் அடைய வேண்டிய லட்சியங்கள் என்று சில வாக்கியங்கள் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தன. அவற்றை நான் என் சொல்லிலேயே தருகிறேன். ஒரு சார்பை வரைபடமாகவும் எண்களின் அட்டவணையாகவும் சமன்பாடாகவும் சாதாரணப் பேச்சாகவும் கையாண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற மாணவன் அறிந்திருக்க வேண்டும். வகைக்கெழுவை மாறுபாட்டின் வேகமாகவும், வளைகோட்டை ஒரு சிறு இடத்தில் நேர்கோடாகப் பாவிக்கும் உபாயமாகவும் உணர வேண்டும். வரையறுத்த தொகையை ரீமன் கூடுதல்களின் எல்லையாகவும், மாறுபாடு சேர்ந்து சேர்ந்து வந்த திரட்சியாகவும் உணர வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதை அடிப்படைத் தேற்றத்தின் வழியாகக் கிரகிக்க வேண்டும். வாயாலும் எழுத்தாலும் கணிதத்தை எடுத்துரைக்க வேண்டும். சொற்களில் தந்த ஒரு நிலைமையைச் சார்பாகவோ வகைக்கெழுச் சமன்பாடாகவோ தொகையாகவோ வடித்தெடுக்க வேண்டும். கருவிகளைக் கொண்டு சோதிக்கவும், கிடைத்த விடை குறியிலும் அளவிலும் அலகிலும் நம்பத்தக்கதுதானா என்று ஐயுற்று நோக்கவும் பழக வேண்டும். முடிவாக, நுண்கணிதத்தை ஒன்றோடொன்று பொருந்திய ஒரு முழு சாஸ்திரமாகவும் மனித சாதனையாகவும் மதிக்க வேண்டும்.

இப்பட்டியலில் ‘வகையிடும் விதிகளை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்’ என்று ஓரிடத்திலும் இல்லை. பெருக்கல் விதியும் வகுத்தல் விதியும் சங்கிலி விதியும் தலைப்புகளின் பட்டியலில் இருக்கின்றனவே யன்றி லட்சியங்களின் பட்டியலில் இடம் பெறவில்லை. அவை கருவிகள், உளியைக் கூர்மையாக வைத்திருப்பது சிற்பிக்கு அவசியமே ஆயினும், கூரிய உளியைச் சிலை என்று யாரும் கும்பிடுவதில்லை. ஆயினும் உலகெங்கும் உள்ள வகுப்பறைகளில் உளி தீட்டுவதிலேயே வருஷம் கழிகிறது என்பதை, நம் பன்னிரண்டாம் வகுப்பின் வினாத்தாள்களைப் புரட்டியவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

லட்சியங்களுள் இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும் ஒரே கருத்தின் மூன்று முகங்கள். அவற்றை நம் காப்பிக் கோப்பையைக் கொண்டே பார்த்துவிடலாம். பத்து நிமிஷம் ஆனபோது வெப்பநிலை 60, குறையும் வேகம் நிமிஷத்துக்கு 0.8 என்று மட்டும் தெரிந்த ஒருவன், பதினோராவது நிமிஷம் முடியும்போது வெப்பநிலை ஏறக்குறைய 59.2 ஆக இருக்கும் என்று துணிந்து கூறலாம்; வளைகோட்டை அந்த ஒரு நிமிஷத்துக்கு அதன் தொடுகோடாகவே பாவித்துக்கொள்ளும் துணிவு அது. ஆனால் காப்பி ஆற ஆற, ஆறும் வேகமும் தளர்கிறது. ஆகையால் வளைகோடு தொடுகோட்டுக்கு மேலே நிற்கிறது. ஆகையால் உண்மையான வெப்பநிலை 59.2ஐவிடச் சிறிது கூடுதலாகவே இருக்கும். தோராயம் சொன்னதோடு நில்லாமல், அத்தோராயம் உண்மைக்கு மேலா கீழா என்பதையும் காரணம் காட்டிச் சொல்லுகிறவனிடத்தில்தான், இரண்டாம் வகைக்கெழு என்பது வெறும் இரண்டாவது முறை வகையிட்ட விடை என்னும் நிலையைக் கடந்து உயிர் பெறுகிறது.

இனி, வெப்பநிலை மாறும் வேகத்தைத் தொடக்கம் முதல் பத்து நிமிஷம் வரை தொகையிட்டால் மைனஸ் 9 கிடைக்கும். அது அந்தப் பத்து நிமிஷத்தில் வெப்பநிலை அடைந்த மொத்த மாறுதல். வெப்பநிலையையே தொகையிட்டுப் பத்தால் வகுத்தாலோ, அந்தப் பத்து நிமிஷத்துக்கும் உரிய சராசரி வெப்பநிலை கிடைக்கும். எழுத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தலைமேல் ஒரு சிறு கீற்றும் முன்னால் ஒரு பின்னமும்தான். அர்த்தத்தில் பார்த்தால் ஒன்று பயணம், மற்றது தங்கிய இடம். இவ்விரண்டையும் அலகைக் கொண்டு பிரித்தறியலாம் என்று நினைக்கும் மாணவன் இங்கே ஏமாந்துபோவான். ஏனெனில் இரண்டுக்குமே அலகு பாகை செல்சியஸ்தான். நினைவுச் சக்தி கைவிடுகிற இந்த இடத்தில் பொருளறிவு ஒன்றே துணை நிற்கிறது. தேர்வு தயாரிப்பவர்கள் இத்தகைய இரட்டைகளைத் தேடிப் பிடித்து வினாவாக்குவதை நான் கொடுமை என்று நினைக்கவில்லை.

லட்சியங்களை எழுதுவது எளிது; அவற்றை மதிப்பெண்ணாக மாற்றுவதில்தான் சங்கடம் தொடங்குகிறது. இன்றைய தேர்வு இரு பகுதிகளாக உள்ளது: சரியான விடையைத் தெரிந்தெடுக்கும் 45 வினாக்கள் ஒரு பகுதி, விரித்து எழுதும் ஆறு வினாக்கள் மறு பகுதி. இரண்டுக்கும் சமமான எடை. விரித்து எழுதும் ஒவ்வொரு வினாவுக்கும் ஒன்பது புள்ளிகள். ஜூன் மாதத்தில் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் பெருந்திரளாகக் கூடி, ஒரே அளவுகோலை மனத்தில் பதியவைத்துக்கொண்டு அவ்விடைத்தாள்களைத் திருத்துகிறார்கள். அந்த அளவுகோலின் வழக்கங்களை ஊன்றிக் கவனித்தால், பாடவிவரக் குறிப்பின் முகப்பில் எழுதியவை எவ்வளவு மெய்யாகப் பின்பற்றப்படுகின்றன என்பது தெரியும்.

எண்ணாக வரும் விடையைச் சுருக்க வேண்டுவதில்லை. கூட்டியும் பெருக்கியும் முடிக்காமல் அப்படியே விட்டாலும் முழுப் புள்ளி உண்டு. கருவியைக் கொண்டு கண்ட விடை மூன்று தசம தானங்கள் வரை சரியாக இருந்தால் போதும். இவையெல்லாம் தாராளம். ஆனால் ஒரு சார்பு ஓரிடத்தில் பெருமம் அடைகிறது என்று நிறுவச் சொன்னால், வகைக்கெழுவின் குறி மாறுவதைக் காட்டும் கோட்டுப் படத்தை மட்டும் வரைந்துவிட்டுப் போகிறவனுக்கு அந்தக் காரணப் புள்ளி கிடையாது. ‘இவ்விடத்தில் வகைக்கெழு நேர்க்குறியிலிருந்து எதிர்க்குறிக்கு மாறுகிறது’ என்று வாக்கியமாக எழுத வேண்டும். ‘அது கூடுகிறது, ஆகையால் இது குவிகிறது’ என்று சுட்டுப் பெயர்களால் எழுதுகிறவனும் புள்ளி இழப்பான்; அது என்பது சார்பா, வகைக்கெழுவா, இரண்டாம் வகைக்கெழுவா என்று பெயர் சொல்லியாக வேண்டும். இலக்கண ஆசிரியர் செய்ய வேண்டிய காரியத்தைக் கணித ஆசிரியர் செய்கிறாரே என்று நகைப்பவர்கள், தம் பிள்ளைகள் எழுதும் நிரூபணங்களில் ‘அது’ என்னும் சொல் எத்தனை பொருளைத் தாங்கி நிற்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் நகைப்பை நிறுத்திக்கொள்வார்கள்.

வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் வினாவில் தண்டனை இதைவிடக் கடுமையானது. மாறிகளை இரு புறமும் பிரிக்காமலே தொகையிடத் தொடங்கியவனுக்கு அந்தப் பிரிவில் ஒரு புள்ளியும் இல்லை. பிரித்துத் தொகையிட்டும் மாறிலியைச் சேர்க்க மறந்தவனுக்குப் பின்னால் உள்ள புள்ளிகள் எட்டாக் கனி. மறதிக்கு இவ்வளவு தண்டமா என்று முதலில் எனக்கும் தோன்றியது. சிந்தித்துப் பார்க்கையில், மாறிலி இல்லாத தீர்வு என்பது தொடக்க நிலையைப் பற்றி ஏதும் அறியாத தீர்வு என்பதும், காப்பி எத்தனை பாகையில் மேஜைக்கு வந்தது என்று கேளாமலே அது எப்போது ஆறும் என்று சொல்லப் புகுவதற்கு அது ஒப்பாகும் என்பதும் விளங்கின.

தேற்றங்களைப் பிரயோகிக்கும் இடத்தில் இக்கட்டுப்பாடு தன் உச்சத்தை அடைகிறது. பத்து நிமிஷத்தில் காப்பி ஒன்பது பாகை ஆறியது. ஆகச் சராசரி வேகம் நிமிஷத்துக்கு 0.9 பாகை. இடையில் ஏதாவது ஒரு கணத்தில் காப்பி மிகச் சரியாக 0.9 என்னும் வேகத்தில் ஆறியிருக்க வேண்டுமா? வேண்டும் என்பது சராசரி மதிப்புத் தேற்றம். அந்தக் கணம் எது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆயினும் அப்படி ஒரு கணம் இருந்தே தீர வேண்டும் என்று, காப்பியைத் தொட்டும் பாராமல் சொல்ல இயலும். பள்ளிக் கணிதத்தில் மாணவன் முதல்முதலாகச் சந்திக்கும் இந்த அதிசயத்தை, ‘சராசரி மதிப்புத் தேற்றத்தின்படி ஆம்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் போதாது. இடைவெளி முழுவதும் சார்பு தொடர்ச்சியானது, உள்ளே எங்கும் வகையிடத்தக்கது என்னும் நிபந்தனைகள் நிறைவேறியுள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். வினாவில் ‘வகையிடத்தக்க சார்பு’ என்று மட்டும் கொடுத்திருந்தால், வகையிடத்தக்கதாயின் தொடர்ச்சியும் உண்டு என்று மாணவன்தான் இணைப்புப் போட வேண்டும். நியாய சாஸ்திரத்தில் ஹேதுவை விட்டுவிட்டுச் சாத்தியத்தை மட்டும் சொல்லுகிறவனை வாதத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஏறத்தாழ அதே ஒழுங்குதான் இது.

2019இல் பாடவிவரம் திருத்தி அமைக்கப்பட்டபோது, மாணவனுக்கு நான்கு பயிற்சிகள் வகுக்கப்பட்டன: கணித முறைகளைச் செய்துகாட்டல், ஒரே பொருளின் பல வடிவங்களை இணைத்தல், காரணம் காட்டி நிறுவுதல், குறியீட்டிலும் மொழியிலும் பிழையின்றி எடுத்துரைத்தல். இதிலே கவனிக்கத்தக்கது யாதெனில், நான்காவது பயிற்சி தெரிந்தெடுக்கும் வினாக்களில் சோதிக்கப்படுவதே இல்லை; சோதிக்கவும் இயலாது. பிறர் எழுதி வைத்த நான்கு வாக்கியங்களுள் சரியானதைத் தொட்டுக்காட்டுகிறவன் வேறு. வெள்ளைத் தாளில் தானே ஒரு வாக்கியத்தைப் படைக்கிறவன் வேறு. அதாவது தேர்வின் சரிபாதியில் எழுத்துக்கு வேலையில்லை. மற்றப் பாதியிலும் அதற்கு ஒரு பங்குதான். லட்சியம் வாக்கியத்தை நோக்கி நகர்ந்தது மெய்தான் என்றாலும், அது பாதி வழியில் நிற்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

நகர்ச்சியைத் தூண்டியவற்றுள் ஒன்று கருவி. 1983, 1984 ஆகிய இரு வருஷங்கள் கால்குலேட்டரைத் தேர்வில் அனுமதித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் விலக்கி வைத்தார்கள். 1993இல் அது கட்டாயமாயிற்று. 1995இல் வரைபடம் போடும் கால்குலேட்டரே கட்டாயமாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் கல்லூரிகளில் ஒரு பெரிய கிளர்ச்சி நடந்தது. 1986 ஜனவரியில் டுலேன் பல்கலைக்கழகத்தில் கூடிய சிறு குழு ஒன்று, வீங்கிப்போன நுண்கணிதப் பாடத்தை மெலிவாகவும் உயிர்ப்பாகவும் ஆக்க வேண்டும் என்று எழுதியது. மறுவருஷம் அக்டோபரில் வாஷிங்டனில் 600க்கும் மேற்பட்டோர் கூடிய மாநாட்டில், நுண்கணிதம் மாணவர்களைக் கழித்துக்கட்டும் வடிகட்டியாக இல்லாமல் மேலே ஏற்றிவிடும் நீரிறைப்பானாக வேண்டும் என்னும் கோஷம் எழுந்தது. ஹார்வர்டில் ஆண்ட்ரூ கிளீசனும் டெபோரா ஹியூஸ்-ஹாலெட்டும் முன்னின்று அமைத்த கூட்டணி, எதையும் வரைபடமாகவும் எண்ணாகவும் சமன்பாடாகவும் காட்ட வேண்டும் என்று மூன்றன் விதி ஒன்றை வகுத்து, பிறகு சொல்லையும் சேர்த்து அதை நான்கன் விதி ஆக்கியது. மேலே கண்ட லட்சியப் பட்டியலின் முதல் வாக்கியம் இந்த விதியின் எதிரொலி என்பது சொல்லாமலே விளங்கும்.

கருவி வந்ததால் கணக்கிடும் திறமை அழிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. தேர்வு கண்ட வழி சமரசமானது: சில வினாக்களுக்குக் கருவி வேண்டும், பெரும்பான்மைக்குக் கருவி கூடாது. கருவியைக் கொண்டும் நான்கு காரியங்களே மறு விளக்கமின்றிச் செய்யலாம்: வரைபடம் போடலாம், சமன்பாட்டின் மூலங்களைக் காணலாம், ஓரிடத்தில் வகைக்கெழுவின் எண் மதிப்பைக் காணலாம், வரையறுத்த தொகையின் எண் மதிப்பைக் காணலாம். அந்தத் தொகையை அமைத்தது ஏன், அதன் எல்லைகள் எங்கிருந்து வந்தன என்பதைக் கருவி சொல்லாது. அறுபதுகளில் ஒரு பக்கம் நீண்ட தொகையிடல் இப்போது ஒரு பொத்தானில் அடங்கிவிட்டதால், ‘எதைத் தொகையிட வேண்டும்’ என்னும் கேள்வி மேடைக்கு வந்தது. இது கருவி செய்த உபகாரம்.

இந்தப் பாடத்திட்டம் விட்டுவிட்டதில் பெரியது, எல்லைக்கு உரிய கறாரான இலக்கணம். 1734இல் பிஷப் பார்க்லி, மறைந்துபோகும் நுண்ணளவுகளைப் பூஜ்யமல்ல என்று வைத்து வகுத்துவிட்டுப் பிறகு பூஜ்யம் என்று தள்ளிவிடும் நியூட்டன் வழியினரை எள்ளி நகையாடியதும், அவ்வேளனத்துக்கு முழுமையான விடையைக் கோஷியும் வயர்ஷ்ட்ராஸும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எப்சிலான், டெல்டா என்னும் இரு கிரேக்க எழுத்துகளைக் கொண்டு அளித்ததும் கணித சரித்திரத்தில் பெரிய அத்தியாயம். இந்த இலக்கணத்தை இன்றைய தேர்வு கேட்பதில்லை. மாணவன் எல்லையை வரைபடத்திலும் அட்டவணையிலும் உய்த்துணர்ந்து, விதிகளைக் கொண்டு கணக்கிட்டால் போதுமானது. இதைக் குறை என்று கூறும் பண்டிதர்கள் பலர். காரணத்தையே லட்சியமாகக் கொண்ட ஒரு பாடம், தன் அஸ்திவாரக் கல்லுக்கு மட்டும் காரணம் கேட்காமல் விடுவது முரண்பாடுதான். ஆயினும், நியூட்டனும் லைப்னிட்ஸும் ஆய்லரும் அந்த இலக்கணம் இல்லாமலே நூற்றைம்பது வருஷம் இந்த சாஸ்திரத்தை வளர்த்தார்கள் என்பதை நினைக்கும்போது, பதினேழு வயதுப் பிள்ளைக்கு முதலில் வீட்டில் குடியிருக்கக் கற்றுக்கொடுத்து, அஸ்திவாரத்தைத் தோண்டிக் காட்டுவதைக் கல்லூரிக்கு விட்டதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை.

எனக்கு ஆட்சேபம் உள்ள இடம் வேறு. நுண்கணிதம் படித்தவன் என்னும் பெயர் கல்லூரி வாசலில் ஒரு முத்திரையாக மதிக்கப்படவே, அதை நோக்கி ஓடும் அவசரத்தில் அதற்கு முந்திய இயற்கணிதமும் முக்கோணவியலும் அரைகுறையாகக் கடக்கப்படுகின்றன. 2012இல் அமெரிக்கக் கணித சங்கமும் கணித ஆசிரியர்களின் தேசிய கவுன்சிலும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, பள்ளிக் கணிதத்தின் இறுதி லட்சியம் பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுண்கணிதத்தை முடித்துவிடுவதன்று, கல்லூரியில் விரும்பும் எந்தப் படிப்பையும் ஏற்கத்தக்க கணித அடித்தளத்தை இடுவதே என்னும் கருத்தை வற்புறுத்தியது. திட்டத்தை நடத்துகிறவர்களுடைய நோக்கம் எதுவாயினும், லட்சியங்களை அடைந்தவர் எத்தனை பேர் என்பதைவிட வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவது எளிது. எண்ண எளியதே லட்சியமாகிவிடும் அபாயம் எங்கும் உண்டு.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பயிலும் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியின் கதையைப் பலரும் திரைப்படத்தில் கண்டிருப்பார்கள். பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலான்டே அங்கே நுண்கணிதம் கற்பித்தார். 1982இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் தேர்ச்சி பெற்றபோது, விடைத்தாள்களில் ஒற்றுமை இருப்பதாகச் சந்தேகம் எழுந்து 14 பேரை மறுபடியும் எழுதுமாறு கேட்டார்கள். அவர்களுள் 12 பேர் எழுத, 12 பேரும் தேறினர். 1988இல் வந்த படம் இந்த நிகழ்ச்சியை ஓராண்டின் அற்புதமாகக் காட்டுகிறது. உண்மையில் எஸ்கலான்டே அப்பள்ளிக்கு வந்தது 1974இல். இயற்கணிதத்திலிருந்து படிப்படியாக மாணவர்களை ஏற்றிக்கொண்டுவரும் ஏணியை அவர் பல வருஷம் உழைத்துக் கட்டிய பிறகே அந்தப் பதினெட்டுப் பேர் தோன்றினார்கள். படம் பார்த்தவர்கள் உச்சிப்படியை நினைவில் வைத்துக்கொண்டார்கள். ஏணி கண்ணில் படவில்லை.

லட்சியப் பட்டியலின் கடைசி வாக்கியத்துக்கு இனி வருவோம். நுண்கணிதத்தை மனித சாதனையாக மதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒன்பது புள்ளிகளில் ஒரு புள்ளியும் அதற்கு இல்லை. புள்ளி இல்லாத இடத்தில் ஆசிரியர் நேரம் செலவிடுவது அபூர்வம். செலவிட்டாலும், லைப்னிட்ஸ் 1684இல் தம் கட்டுரையை வெளியிட்டதையும் நியூட்டனோடு அவருக்கு மூண்ட சண்டையையும் சொல்லி முடித்துவிடுவார்.

பிசி மாணவன் முடிவிலாத் தொடர்களின் பகுதியில் நேர்மாறு டேன்ஜென்ட்டின் தொடரைக் கற்கிறான்; அதில் ஒன்று என்று பிரதியிட்டால், ஒற்றைப்படை எண்களின் தலைகீழிகள் கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி வந்து பையின் கால் பங்கைத் தருகின்றன. குறி மாறி வரும் தொடரை இடையில் நிறுத்தினால் நேரும் பிழை, விட்டுவிட்ட முதல் உறுப்பைவிட மிகாது என்பதையும் அவன் அறிய வேண்டும். தேர்வில் அடிக்கடி வரும் வினா அது. பாடநூல்கள் கிரிகரியின் பெயரையும் லைப்னிட்ஸின் பெயரையும் சூட்டியிருக்கும் அத்தொடரை, அவர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவர் கண்டிருந்தார். கண்டதோடு, தொடரை நிறுத்தும் இடத்தில் நேரும் பிழையைக் குறைப்பதற்குத் திருத்த உறுப்புகளையும் வகுத்திருந்தார். சார்லஸ் விஷ் என்னும் ஆங்கில அதிகாரி இதைப் பற்றி எழுதிய கட்டுரை 1834இல் வெளிவந்தபோது ஐரோப்பாவில் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. சென்னைக் கணிதப் பேராசிரியர் சி. டி. ராஜகோபாலும் அவருடன் சேர்ந்து உழைத்தவர்களும் 1940களில் எழுதிய கட்டுரைகளே அந்த நிரூபணங்களை இக்காலக் கணிதத்தின் மொழியில் எடுத்து வைத்து, அவை மெய்யான நிரூபணங்கள் என்று நிறுவின.

அந்த நிரூபணங்கள் இருக்கும் நூல் ஜ்யேஷ்டதேவரின் யுக்திபாஷை. சுமார் 1530இல் இயற்றப்பட்டது. சாஸ்திரம் என்றால் வடமொழிச் சுலோகம் என்றிருந்த காலத்தில், அவர் அதை மலையாள உரைநடையில் எழுதினார். அதில் குறியீடு ஒன்றும் இல்லை. வட்டத்தைத் தொட்டு நிற்கும் சதுரத்தின் பக்கத்தைப் பல சமக் கூறுகளாக்கிக்கொள்க என்றும், ஒவ்வொரு கூறுக்கும் நேரே உள்ள வில்லின் துண்டை ஒத்த முக்கோணங்களால் அளந்துகொள்க என்றும், கூறுகள் எவ்வளவு சிறிதாகின்றனவோ அவ்வளவுக்குக் கூடுதல் மெய்யான வில்லை நெருங்கும் என்றும், ஒவ்வொரு படியிலும் எதனால் என்பதைச் சொல்லிச் சொல்லி, ஆசிரியர் எதிரே அமர்ந்த மாணவனுக்குப் பேச்சிலே விளக்குவது போல அது செல்லுகிறது. அதன் கணிதப் பகுதி, ராமவர்ம மரு தம்புரானும் அகிலேஸ்வர ஐயரும் எழுதிய குறிப்புகளுடன் திருச்சூரில் அச்சேறியது 1948இல். அமெரிக்காவில் காலேஜ் போர்டின் முதல் தேர்வுத் தாள்கள் விநியோகமாவதற்கு எட்டு வருஷம் முன்னால்.